சனியைப் பார்க்க எந்தக் குழாய்?

ஆனி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. போடியிலிருந்து தேனி வரும் பஸ்ஸில், மடியில் ஒரு நீள மரப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றரை அடி நீளம். பித்தளைக் கொக்கி. ஒரு நுனி ஜன்னல் கம்பியில்... மறு நுனி பக்கத்து சீட்டுக்காரரின் விலாவில்.

கண்டக்டர் வந்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாயனமாம்மா? யாருக்குக் கல்யாணம்?"

"நாயனம் இல்லீங்க. டெலஸ்கோப்."

"அப்படின்னா?"

"நட்சத்திரம் பாக்குற குழாய்."

சற்று யோசித்தார். பிறகு கையை நீட்டினார். டிக்கெட் கொடுக்கிறாராக்கும் என்று நினைத்தேன். இல்லை... உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "சோசியம் பாப்பீகளா? மூணு வருசமா டிரான்ஸ்பர் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

தெரியாது என்று சொன்னேன். லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார்.

அப்போது நான் இருந்த குழப்பத்தில், யாராவது எனக்கு சோசியம் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். ஏனென்றால் மடியில் இருப்பது சரியான பெட்டியா, தப்பான பெட்டியா என்று எனக்கே தெரியாது. ஐந்து மாதம் அலைந்து, ஆறு பேரிடம் கேட்டு, ஏழு விதமாகப் பதில் வாங்கிய பிறகும் தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — பெயர் சௌந்தரபாண்டி. தேனியில் மோட்டார் ரீவைண்டிங் ஒர்க் ஷாப். ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டங்களில் எந்த பம்புசெட் எரிந்துபோனாலும் அவர் கைக்குத்தான் வரும். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அல்லிநகரத்தில் வீடு. பிள்ளைகள் இருவரும் மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறார்கள்.

அவர் கொஞ்சம் முரட்டு ஆள். கோபத்தில் அல்ல, வேலையில். ஐந்து ஹெச்.பி. மோட்டாரை மாட்டு வண்டியிலிருந்து ஒத்தையாளாக இறக்கி வைப்பார். ஒர்க் ஷாப்பில் அவர் தம்பி ராசு இருக்கிறார், லேத்துக்காரர் இருக்கிறார்... யாரையும் கூப்பிட மாட்டார். கேட்டால், "கூப்பிட்டு அவன் வர்றதுக்குள்ள வேல முடிஞ்சிரும்" என்பார்.

போன மார்கழியில் அந்த மாதிரி ஒரு மோட்டாரை இறக்கும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மதுரையில் பதினெட்டு நாள். பிழைத்து வந்தார். பெரிய டாக்டர் மூன்று கட்டளை போட்டு அனுப்பினார். உப்பு குறைக்கணும். காலையும் மாலையும் நடக்கணும். குடத்துத் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது... இனி எப்போதுமே.

முதல் இரண்டையும் கேட்டுக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டதும் முகம் மாறியது. அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஒர்க் ஷாப் பக்கம் போகவில்லை. ராசு வந்து ஏதாவது சந்தேகம் கேட்டால், "உனக்குத் தெரியாததா?" என்பதோடு சரி. காலையில் பேப்பர். மத்தியானம் தூக்கம். சாயங்காலம் மொட்டை மாடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடை. ஒரு மனிதர் வீட்டுக்குள்ளேயே காணாமல் போக முடியுமா? முடியும். பார்த்தேன்.

தை கழிந்து மாசி. ஒருநாள் நடந்துகொண்டிருந்தவர் மாடியிலிருந்து கூப்பிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவராகக் கூப்பிட்டது அதுதான். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

மேற்கே கை காட்டினார். "அந்தா பாரு. போடி மலை மேல எவனோ புதுசா லைட்டுப் போட்டுருக்கான்."

மலைக்கு மேலே பளீரென்று ஒரு வெளிச்சம். மினுங்கவில்லை, அசையவில்லை.

"எஸ்டேட்டா இருக்கும்" என்றேன்.

"அங்கன லைனே கிடையாதே. எந்தப் போஸ்ட்டுல இருந்து இழுத்துருப்பான்?"

அதுதான் அவர் கவலை. அரை மணி நேரத்தில் அந்த லைட் மெல்லக் கீழே இறங்கி, மலைக்குப் பின்னால் போய்விட்டது. இருவரும் முழித்தோம். எஸ்டேட் லைட் இறங்கிப் போகுமா?

மறுநாள் லைப்ரரியில் ஒரு வான சாஸ்திரப் புத்தகம் எடுத்து வந்தேன். வெள்ளி. நாம் விடிவெள்ளி என்கிறோமே, அதுவேதான்... சில மாதம் சாயங்காலத்திலும் வருமாம். அவர் அந்தப் புத்தகத்தை இரண்டு நாளில் முடித்தார். மூன்றாம் நாள் காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்தா, டெலஸ்கோப்பு எங்க விக்கிது?"

எனக்கு இருந்த சந்தோஷத்தில், வானத்தையே வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருப்பேன். டெலஸ்கோப் என்ன பெரிய டெலஸ்கோப்? கடைக்குப் போனால் வாங்கிவிடலாம் — அப்படித்தான் நினைத்தேன்.

தேனியில் கிடையாது. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் பூதக்கண்ணாடி எடுத்துக் காட்டினார். ஆனால் விசாரிக்க ஆரம்பித்ததும் ஊரில் எல்லாருக்கும் டெலஸ்கோப் பற்றி ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் வால் நட்சத்திரம் அடுத்த வருஷம் வருகிறதல்லவா... பத்திரிகைகளில் படித்துவிட்டு ஆளாளுக்கு நிபுணர்.

முதலில் போடிக்குப் போனோம். ஜெபமணி அண்ணாச்சியின் ஏலக்காய்க் கடை. அவர் தம்பி பினாங்கிலிருந்து கொண்டுவந்த டெலஸ்கோப் ஒன்று, கடைக் கண்ணாடி அலமாரியில் வருஷக்கணக்காகப் படுத்திருந்தது. வெள்ளை வெளேர் என்று, மெலிசாக, நீளமாக, மூன்று காலில் நிற்கும் குழாய். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

"ஜப்பான் சரக்கும்மா. நானூத்தம்பத்திநாலு பவர். டப்பாவுலயே போட்டுருக்கான் பாருங்க" என்றார் அண்ணாச்சி.

"நீங்க இதுல எதைப் பாத்தீக?" என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன்? ஏலம் முடியவே ராத்திரி ஆயிருது."

கடை வாசலில் வைத்து மலையைப் பார்த்தோம். ரோட்டில் ஏறிக்கொண்டிருந்த ஜீப் கண்முன்னால் வந்து நின்றது. தலைகீழாக.

என் வீட்டுக்காரர் கண்ணை எடுக்காமலே கேட்டார். "அண்ணாச்சி, இது இப்படித்தானா... இல்ல ரிப்பேரா?"

அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நட்சத்திரத்துக்குத் தலை எது, கால் எது? தலைகீழாகத் தெரிந்தால்தான் என்ன? இருந்தாலும் யோசனையோடு திரும்பினோம்.

அடுத்தது கோம்பை. மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதார். அவரிடம் கனமான பைனாகுலர் ஒன்று. டெலஸ்கோப் என்றதும் சிரித்தார். "மொதல்ல ரெண்டு கண்ணாலயும் பாக்கப் பழகுங்க. ஒத்தக் கண்ணு பொறகு பாத்துக்கலாம்."

அவர் வளர்க்கும் கோம்பை நாய் — செம்பட்டை நிறம், கருத்த மூஞ்சி — எங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்த்தது. நாங்கள் கையைத் தூக்கினால் அது எழுந்தது. இறக்கினால் உட்கார்ந்தது. கடைசியில் அவர் அதை உள்ளே கட்டிப்போட்ட பிறகுதான் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோக முடிந்தது. கார்த்திகை நட்சத்திரத்தைக் காட்டினார். ஆறு இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து எண்ணிய இடத்தில், முப்பது நாற்பது. கொட்டிய கல் உப்பு மாதிரி.

பைனாகுலர்தான் சரி என்று முடிவு செய்து கோம்பையில் பஸ் ஏறினோம். உத்தமபாளையம் வருவதற்குள் என் வீட்டுக்காரருக்கு வெள்ளைக் குழாயே தேவலை என்று தோன்றிவிட்டது. எங்களுக்கு இப்படித்தான் ஆனது. போடியில் நின்றால் போடிதான் சரி. கோம்பையில் நின்றால் கோம்பைதான் சரி. வீட்டுக்கு வந்தால் எதுவுமே சரியில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் அவர் நன்றாகப் பேசினார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, லென்ஸ் படம் போட்டார். நான் டியூட்டி முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு யாரையும் விசாரிச்சியா?" என்று கேட்பார். எனக்கு ஒரு திருட்டு யோசனைகூட வந்தது. இந்தக் குழப்பம் தீராமல் இப்படியே இழுத்துக்கொண்டு போனால் என்ன? வாங்கிவிட்டால், வாங்கிய மறுநாள் இவர் என்ன செய்வார்?

சின்னமனூர் டேனியல் சாரைப் பற்றிச் சொன்னது என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண். அவர் ஒரு காலேஜில் பிசிக்ஸ் லேபில் இருப்பவர். டெலஸ்கோப்பைத் தானே செய்கிறாராம். ஒன்று செய்து முடித்துவிட்டு, அதைவிடப் பெரிதாக இன்னொன்று செய்துகொண்டிருப்பதால், முதலாவதைக் கொடுக்கத் தயாராம்.

கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள். லாரி டிரைவர் வேலுச்சாமியின் மனைவி.

"எங்கக்கா, ரெண்டு பேருமாக் கெளம்பிட்டீக?"

"சின்னமனூர் வரைக்கும்."

"குச்சனூருக்கா? நல்லதுக்கா. எங்க வீட்லயும் சொல்லிக்கிட்டே இருந்தாக... அண்ணனுக்கு ஏழரச் சனி நடக்குது, ஒரு எட்டுப் போயி எள்ளு வெளக்குப் போட்டா என்னன்னு."

சின்னமனூருக்குப் பக்கத்தில்தான் குச்சனூர். சனீஸ்வரன் கோயில். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாத பொய்க்குப் பரிகாரமாகக் குச்சனூரில் இறங்கி விளக்குப் போட்டோம். ஆக, ஐந்து மணிக்கு சனி பகவானைக் கும்பிட்டுவிட்டு, ஏழு மணிக்கு அவரைக் கண்ணால் பார்க்கப் போனோம்.

டேனியல் சார் வீட்டுக்குப் பின்னால் காலி மனை. அதைத் தாண்டி நெல் வயல். அவர் எங்களுக்குக் காட்டியதைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆனது. தகரத்தை உருட்டிச் செய்த ஒரு பருத்த பைப். மழைத் தண்ணீர் இறங்க மாடியிலிருந்து விடுவோமே, அதன் அண்ணன் மாதிரி. இரும்புக் கால். மேலே பச்சைப் பெயிண்ட். லென்ஸ் கிடையாதாம். அடியில் ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்று. அதை அவரும், அவர் மனைவி எஸ்தர் டீச்சரும் நாலு மாதம் மாற்றி மாற்றித் தேய்த்து, குழியாக்கி, மெட்ராசுக்கு அனுப்பிப் பூச்சு போட்டு வாங்கினார்களாம்.

இதில் நட்சத்திரத்தை நோக்கிப் பார்க்கக் கூடாது. குழாயின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அதில் பார்க்க வேண்டும். தெற்கே இருப்பதைக் கிழக்கே முகத்தைத் திருப்பிப் பார்ப்பது என்ன கணக்கு?

"இதுக்கு எத்தனை பவர் சார்?" என்றேன், விவரம் தெரிந்தவள் போல.

"பவர் ஒரு விஷயமே இல்லம்மா. வாய் எவ்வளவு அகலம்னு கேளுங்க. எவ்வளவு வெளிச்சம் உள்ள வருதோ, அவ்வளவுதான் காட்ட முடியும்."

எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"மோட்டார்ல ஆர்.பி.எம்.மக் கூட்டிக் கூட்டி வேகமாச் சுத்த விட்டா தண்ணி வந்துருமா? கெணத்துல தண்ணி கெடக்கணும்ல. போடில இருக்கது ஆர்.பி.எம். இது கெணறு."

டேனியல் சார் சிரித்துவிட்டார். "இத்தனை வருஷம் லேபில் இருக்கேன், எனக்கு இப்படிச் சொல்ல வரல."

சனியைப் பிடித்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வயலில் தவளைச் சத்தம். எஸ்தர் டீச்சர் கொண்டுவந்த காபி ஆறியது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"வாஷர் மாட்டுன மாதிரியே இருக்கு."

நான் பார்த்தேன். ஆமாம். கறுப்பு வெல்வெட்டில் ஒரு சின்ன உருண்டை. அதைச் சுற்றி, எதையும் தொடாமல், ஒரு வளையம். படத்தில் பார்த்ததுதான். ஆனால் படமில்லை, அது அங்கே இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இதுதான் என்று நான் முடிவு செய்த அந்த நிமிஷத்தில் தூறல் விழுந்தது. கண்ணாடி நனையக் கூடாது. டேனியல் சார் அவசர அவசரமாகக் குழாயைக் கழற்றினார். "ஒரு கை பிடிங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் குனிந்துவிட்டார். இருபது வருஷப் பழக்கம்.

"ஏங்க, தொடாதீங்க."

நான் கத்திய கத்தலில் தவளைகள்கூட நின்றுபோயின. அவர் அப்படியே நிமிர்ந்தார். நான் விஷயத்தைச் சொல்ல, டேனியல் சார் பதறிப்போய், "ஐயையோ, தெரியாதுங்க" என்றார். எஸ்தர் டீச்சர் விறுவிறுவென்று வந்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மறு முனையைத் தூக்கினார். கணவனும் மனைவியுமாக அதை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். போகிறபோது டேனியல் சார், பார்க்கிற சின்ன லென்ஸைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

ஆறடி மனிதர்... தூறலில் சோப்பு டப்பாவோடு நின்றார்.

தேனி வரும் வரை பேசவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி சொன்னார். "அந்த வெள்ளையவே வாங்கிருவோம்."

"நெசமாத்தான் சொல்றீகளா?"

"ஆமா. கையடக்கமா இருக்கு."

இங்கேதான் எனக்கு உண்மையான குழப்பம் ஆரம்பித்தது. டெலஸ்கோப்பை விடுங்கள். இந்த மனிதருக்கு என்ன வேண்டும்? பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கண்ணைப் பார்த்தால் பசியா, தலைவலியா என்று சொல்லிவிடுவேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. ஊரார் முன்னால் நான் கத்தியதில் மனம் விட்டுப்போனதா? பெரியதைத் தூக்க முடியாது, ஆகவே சின்னது என்று தன்னைத்தானே குறைத்துக்கொண்டாரா? பெரியதை வாங்கிவைத்து, நான் டியூட்டியில் இருக்கும்போது இவர் அதைத் தூக்கப் போய்... அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

வெள்ளையே வாங்குவது என்று முடிவு செய்தேன். அதை அவரே ஒரு கையால் எடுத்துப் போகலாம். நான் நிம்மதியாக எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து "ஹலோ, தேனி" சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்தப் பெட்டிதான் பஸ்ஸில் என் மடியில் இருந்தது.

வந்த நேரம், ஆடி. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் துணி நிற்காது. மொட்டை மாடியில் மெலிந்த முக்காலியில் நீளக் குழாயை வைத்தால் நிற்குமா? சனி, வாணலியில் பொரி மாதிரி குதித்தது. நானூற்று ஐம்பத்துநாலு பவர் லென்ஸைப் போட்டால் மங்கலாக ஒரு மாவுருண்டை. பவரைக் குறைத்து, காற்று ஓய்ந்த ஒரு விநாடியில் பார்த்தால், காது முளைத்த அரிசி மணி. அவ்வளவுதான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்பேன்.

"நல்லாருக்கு."

ஒரு வாரம் தினமும் நல்லாருந்தது. அதற்குப் பிறகு மாடிக்குப் போவது நின்றது. பெட்டி பீரோவுக்கு மேல் ஏறியது. நான் பயந்த அந்த 'வாங்கிய மறுநாள்' வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவும் பயம்.

அடுத்த வாரம், சாயங்காலம் நாலரை மணி இருக்கும். எக்ஸ்சேஞ்சில் இருந்தேன், ஓடைப்பட்டியிலிருந்து ஒரு கால். எங்கள் ஒர்க் ஷாப் நம்பர் கேட்டார்கள். இணைத்தேன். ராசு எடுப்பார் என்று பார்த்தால்...

"சொல்லுங்க, ஒர்க் ஷாப்."

என் வீட்டுக்காரர் குரல்.

ஹெட்போனைக் கழற்றினேன். வீட்டில் தூங்குகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்? சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. என்னத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறாரோ...

உள்ளே, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்த நாற்பது பக்க நோட்டு. தரையில் வெல்டிங் செய்த ஒரு சட்டம். பழைய மோட்டார் பேரிங் இரண்டை அதன் பக்கங்களில் பொருத்திக்கொண்டிருந்தார் லேத்துக்காரர். ராசு வியர்த்து விறுவிறுத்து நின்றார். மூலையில் சாக்குச் சுற்றி, பச்சையாக... சின்னமனூர்க் குழாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"நான் ஒண்ணையும் தொடல. அவனக் கேட்டுப் பாரு."

"ஆமா மதினி" என்றார் ராசு. "பத்து நாளா வர்றாக. ஸ்க்ரூடிரைவரக்கூடத் தொடல. உக்காந்த எடத்துல இருந்து எங்க ரெண்டு பேரையும் பெண்ட எடுக்காக."

"வேலுச்சாமிதான் திராட்ச லோடு எறக்கிட்டு வரும்போது சின்னமனூர்ல எடுத்துப்போட்டுட்டு வந்தான். நாந்தான் கேட்டேன்" என்றார் இவர்.

கேட்டாராம்.

"வெள்ளக் குழா நல்லாருக்குன்னீக" என்றேன். 

"நல்லாத்தான் இருக்கு. நீ வாங்கிட்டு வந்ததுல்ல."

எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. ராசுவும் லேத்துக்காரரும் டீக் குடிக்கிற சாக்கில் வெளியே போனார்கள். நான் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நான் கத்துனது உங்களுக்கு வருத்தமா?"

"எதுக்கு?" என்றார் நிஜமாகவே புரியாமல். "அந்த டீச்சரம்மாவப் பாத்தேல்ல. தூக்குங்கன்னு அவுகள யாரும் சொல்லல. அவுக பாட்டுக்கு ஒரு பக்கம் தூக்குனாக. ரெண்டு பேருமாத் தேச்சு, ரெண்டு பேருமாத் தூக்கி... அதையேதான் நெனச்சுக்கிட்டு வந்தேன் பஸ்ஸுல. நான் யாரையும் ஒரு பக்கம் தூக்க விட்டதே இல்லியே. கேட்டுப் பழக்கமில்ல, அதான் அன்னைக்கு வெள்ளயே போதும்னுட்டேன்."

அன்று பஸ்ஸில் அவமானம் என்று நான் நினைத்துக்கொண்ட மௌனம், இது. பத்தொன்பது வருஷக் குடித்தனம்.

அவர் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏலே ராசு, வா... இதத் திருப்பிப் போடணும். லேத்துக்காரண்ணனையும் கூப்பிடு. ஒரு கை புடிக்கட்டும்."

இப்போது அந்தக் குழாய் எங்கள் மாடிப்படி அறையில் இருக்கிறது. சட்டம் மொட்டை மாடியில். சாயங்காலம் விளக்கு வைத்ததும் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று, "வேலு, இருக்கியாப்பா?" என்று குரல் கொடுப்பார். வேலுச்சாமி லோடுக்குப் போயிருந்தால் எதிர்வீட்டு வாத்தியார். அவரும் இல்லையென்றால் நானும் பேச்சியம்மாளும். குழாயைத் தூக்கிச் சட்டத்தில் உட்கார்த்தியதும், பேரிங் புண்ணியத்தில், ஒற்றை விரலால் தள்ளினால் வானம் முழுக்கத் திரும்புகிறது. சோப்பு டப்பாவை மட்டும் அவர் யாரிடமும் கொடுப்பதில்லை.

வெள்ளைக் குழாயை நான் எடுத்துக்கொண்டேன். காற்றில்லாத நாளில் அதில் நிலாவைப் பார்க்கிறேன். நன்றாகவே இருக்கிறது. நன்றாக இல்லை என்று சொன்னது யார்? நானா, அவரா, காற்றா? எந்தக் குழாய் வாங்குவது என்று யாராவது கேட்டால், எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை கதையோடு முடிக்கிறேன்.

பேச்சியம்மாள் தூக்க வருவாளே தவிர, ஒருநாளும் கண் வைத்துப் பார்த்ததில்லை. சனியைப் போய் யாராவது தேடிப் பார்ப்பார்களா என்பது அவள் கட்சி. அன்று வேலுச்சாமி பிடித்து நிறுத்திவிட்டார். சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, ஒரு கண்ணை இறுக மூடி, குனிந்தாள்.

வெகுநேரம் நிமிரவில்லை.

"யாத்தே, இம்புட்டூண்டா இருக்கு" என்றாள். "இதுவாக்கா நம்மள இம்புட்டுப் பாடு படுத்துது?"

 என் வீட்டுக்காரர் குழாயைக் கிழக்கே திருப்பி, அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்த இன்னொரு வெளிச்சத்தைப் பிடித்தார். வியாழன். அதாவது குரு. பக்கத்தில் வரிசையாக நாலு பொட்டு — அதன் நிலாக்கள். பேச்சியம்மாள் அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"குரு நம்மளப் பாத்தா கோடி நன்மைன்னு சொல்லுவாக. நம்ம போயி குருவப் பாத்தா... அது எம்புட்டுக்கா?"

ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.